மார்ஃபின் மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டதா? பிசகாமல் கொடுப்பது எப்படி: முழு வழிகாட்டி

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, இடுப்பிலும் முதுகெலும்பிலும் வலி குடியேறிவிட்டது. டிரமடால் என்ற வலி மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. டாக்டர் மார்ஃபின் எழுதினார். மாத்திரையை வாங்கி வந்த அன்று ராத்திரி நாங்கள் அதைக் கொடுக்கவே இல்லை. சித்தப்பா போனில் "அது கடைசி மருந்துடா, அதக் கொடுத்தா அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார், எங்களுக்கும் கை வரவில்லை. அப்பா விடிய விடிய கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். காலையில் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன், சட்டத்தின் விளிம்பு கோடு போட்ட மாதிரி பதிந்திருந்தது.

அதற்குப் பிறகு 11 மாதம் அப்பா மார்ஃபின் சாப்பிட்டார். அதில் பெரும்பாலான நாட்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், பேரனோடு சண்டை போட்டார். அந்த 11 மாதத்தில் தப்பு செய்து கற்றதையும், டாக்டரிடமும் வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காவிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லும் கணக்கெல்லாம் அவர் எழுதிக் கொடுத்ததைப் புரிந்துகொள்ள மட்டும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பயத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், மருமகள்கள், மனைவிமார்களுக்காகத்தான் இது.

முதலில் இது என்ன மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

அபின் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலில் இருக்கும் சத்துதான் மார்ஃபின். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளர் இதைத் தனியே பிரித்தெடுத்தார், கிரேக்கர்களின் கனவுக் கடவுளான மார்ஃபியஸ் பெயரை வைத்தார். இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்று மாநிலங்களில் அரசு லைசென்ஸோடு அபின் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கே அபின் அனுப்பிய நாடு இது. அப்படியிருந்தும் வலியில் துடிக்கிற நம் ஊர் ஆளுக்கு ஒரு மாத்திரை வாங்க நான்கு இடம் அலைய வேண்டியிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் சட்டமும் பயமும்தான்.

1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக்கொள்ளவே பல துறைகளிடம் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது, அதனால் நிறைய இடங்களில் 'எதற்கு வம்பு' என்று ஸ்டாக் வைப்பதையே விட்டுவிட்டார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட 6 மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளாக அறிவித்து நடைமுறையைச் சுலபமாக்கினார்கள். இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் வைத்துக்கொள்ளலாம். இதில் உங்களுக்குத் தேவையான விஷயம் ஒன்றுதான்: நோயாளிக்கோ குடும்பத்துக்கோ எந்த லைசென்ஸும் வேண்டாம். டாக்டரின் மருந்துச்சீட்டு போதும்.

உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து ஏற்றும் முறையைச் சொல்லி, கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபினை மையத்தில் வைத்தது. ஆக 'கடைசி மருந்து' என்பது தப்பு. வலி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறார்கள், ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து இல்லை. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மார்ஃபின் சாப்பிடுகிறவர்கள் உண்டு, வலி குறைந்ததும் மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களும் உண்டு.

எங்கே கிடைக்கும்

தெருமுனை மெடிக்கலில் கேட்காதீர்கள், இருக்காது; சில இடத்தில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்களை ஒரு தனியார் மருத்துவமனையில் "அதெல்லாம் இங்கே கிடையாது, வேற ஏதாவது ஊசி போட்டுக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். புற்றுநோய் மருத்துவமனைகள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், வலி தணிப்புச் சிகிச்சை அமைப்புகள், இந்த மூன்றிலும் கேளுங்கள். 'பாலியேட்டிவ் கேர்' என்று கேட்டால் சட்டென்று புரியும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புச் சேவையும் ஒரு பகுதி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு வேலை அந்த மாநிலம் முழுக்கப் பரவி இருக்கிறது.

வாங்கும்போதே 'ஸ்டாக் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது' என்று ஒரு போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளி மாதிரி தொடர் விடுமுறை வந்தால் ஒரு வாரம் முன்பே எண்ணிப் பாருங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

முதல் மாத்திரைக்கு முன் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயங்கள் உண்டு, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் விஷயம். மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், கிட்னி பழுதானால் அவை உள்ளேயே சேர்ந்துகொண்டு, சாதாரண டோஸே அதிக டோஸ் மாதிரி ஆகிவிடும். கிரியேட்டினின் ரிப்போர்ட்டை ஃபைலின் மேலே வையுங்கள். கிட்னி மோசமாக இருந்தால் ஃபென்டனில் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அடுத்து ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், கடுமையான குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. அப்புறம் தூக்க மாத்திரை. அல்ப்ரசோலம், டயசெபம், குளோனசெபம் எல்லாம் நம் வீடுகளில் யாரையும் கேட்காமல் அலமாரியில் கிடக்கும், பெரியவர்கள் 'தூக்கம் வரல' என்று தாங்களே போட்டுக்கொள்வார்கள். மார்ஃபினோடு இவை சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். கபாபென்டின், ப்ரீகபாலின் என்ற நரம்பு வலி மாத்திரைகளை டாக்டரே மார்ஃபினோடு சேர்த்து எழுதுவார், அது அவருக்குத் தெரிந்து அளவு பார்த்துக் கொடுப்பது. நீங்களாகக் கூட்டினால் ஆபத்து.

குடிப்பழக்கம் இருக்கிறதா, முன்பு இருந்ததா, இதையும் சொல்லுங்கள். மாமா எதிரில் சொல்லச் சங்கடம் என்றால் டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். மார்ஃபின் சாப்பிடும் நாட்களில் ஒரு பெக் கூட வேண்டாம்.

வலி எப்படிப்பட்டது என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள். 'வலிக்குது' என்றால் போதாது. குடைகிறதா, சுளுக்கு மாதிரி பிடிக்கிறதா, கரண்ட் ஷாக் மாதிரி கால் வரைக்கும் இறங்குகிறதா, மிளகாய் தேய்த்த மாதிரி எரிகிறதா? ஷாக் அடிப்பதும் எரிவதும் நரம்பு வலி, அதற்கு மார்ஃபின் மட்டும் முழுசாகக் கேட்காது, வேறு மாத்திரை சேர்க்க வேண்டும். எலும்பு வலிக்கு ரேடியேஷன் நன்றாக வேலை செய்யும். அப்பாவுக்கு இடுப்பில் ரேடியேஷன் கொடுத்த பிறகு மார்ஃபின் அளவையே டாக்டர் குறைத்தார்.

கடிகாரம் பார்த்துக் கொடுங்கள்

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மார்ஃபின் மாத்திரை இரண்டு வகை. ஒன்று சாதாரண மாத்திரை: சாப்பிட்டு அரை மணி நேரத்தில் கேட்க ஆரம்பிக்கும், ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், சுமார் 4 மணி நேரம் நிற்கும். இன்னொன்று மெதுவாகக் கரையும் மாத்திரை, அட்டையில் 'எஸ்ஆர்' என்று போட்டிருக்கும், 12 மணி நேரத்துக்கு ஒன்று. பெரும்பாலும் முதலில் சாதாரண மாத்திரையில் ஆரம்பித்து, அளவு பிடிபட்டதும் எஸ்ஆருக்கு மாற்றுவார்கள். உங்கள் கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள். எஸ்ஆர் மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. அப்படிச் செய்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போகும், உயிருக்கே ஆபத்து. விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், சாதாரண மாத்திரைக்கு மாற்றினால் அதைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம், மூக்கு டியூப் வழியாகக்கூடச் செலுத்தலாம்.

சாதாரண மாத்திரைக்கு எங்களுக்கு எழுதிக் கொடுத்த நேரம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை டோஸ். நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பிக் கொடுக்க வேண்டாம் என்பதற்காக அப்படி. இதைப் பார்த்து 'டைப்பிங் மிஸ்டேக்' என்று நினைத்து ஒன்றைக் குறைத்த வீடுகள் உண்டு. உங்கள் சீட்டில் இரவு டோஸ் அப்படி எழுதியிருந்தால் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எழுதாமல் இருந்தால் நீங்களாக இரட்டிப்பாக்காதீர்கள்.

வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் மூன்றாம் நாளே அந்தத் தப்பைச் செய்தோம். மதியம் 2 மணிக்கு அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், பாவம் எத்தனை நாள் கழித்துத் தூங்குகிறார் என்று அம்மா எழுப்பவில்லை. நாலரைக்கு அலறிக்கொண்டு எழுந்தார். அதை அடக்க இரவு 9 ஆனது, டாக்டருக்கு மூன்று போன். ஏறிவிட்ட வலியை இறக்க எப்போதும் கூடுதல் மருந்து தேவைப்படும், கூடுதல் நேரமும் பிடிக்கும். தோளைத் தட்டினால் கண்ணைத் திறந்து பேசுகிறார் என்றால் எழுப்பி மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தூங்க விடுங்கள். தட்டியும் எழவில்லை என்றால் அது வேறு விஷயம், அப்போது மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, கீழே சொல்கிறேன்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் கொடுத்துவிட்டு, அடுத்ததை 4 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆராக இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறந்ததையும் அடுத்ததையும் சேர்த்து ஒரே வாயில் கொடுக்காதீர்கள்.

நடுவில் வரும் வலிக்கு

நேரத்துக்குக் கொடுத்தாலும் நடுவில் சில சமயம் வலி குபுக்கென்று கிளம்பும். அதற்கென்று ஒரு கூடுதல் டோஸ் எழுதிக் கொடுப்பார்கள். வழக்கமான கணக்கு, ஒரு நாளின் மொத்த மார்ஃபினில் ஆறில் ஒரு பங்கு. நாள் முழுக்க 60 மி.கி. போகிறது என்றால் கூடுதல் டோஸ் 10 மி.கி. இது சாதாரண மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும். எஸ்ஆர் சாப்பிடுகிறவர்களுக்கும் கூடுதலுக்குச் சாதாரண மாத்திரைதான். எத்தனை இடைவெளியில் கொடுக்கலாம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

கூடுதல் டோஸ் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அடுத்த நேரத்து டோஸை நிறுத்தாதீர்கள். அதே சமயம் ஒரே நாளில் மூன்று, நான்கு தடவை கூடுதல் தேவைப்படுகிறது என்றால் நேரத்து டோஸ் போதவில்லை என்று அர்த்தம், டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் ஏற்றித் தருவார். மார்ஃபினுக்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் உச்ச அளவு கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 30, உங்கள் அப்பாவுக்கு 180 என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, படிப்படியாக ஏறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரு யோசனை. குளிப்பாட்டுவது, ஸ்கேனுக்குக் கூட்டிப் போவது மாதிரி அசைத்தால்தான் வலி என்றால், அதற்கு அரை மணி நேரம் முன்பு கூடுதல் டோஸ் கொடுக்கலாமா என்று கேளுங்கள். எங்களுக்கு டாக்டர் சரி என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா குளிக்கும்போது பழையபடி பாட ஆரம்பித்தார், குரல் கேட்கிற மாதிரி இருக்காது என்பது வேறு.

மலச்சிக்கலை முதல் நாளே கவனியுங்கள்

குமட்டல் போகும், தூக்கக்கலக்கம் போகும், மலச்சிக்கல் மட்டும் போகாது. மார்ஃபின் இருக்கும்வரை இருக்கும், ஏனென்றால் குடலின் அசைவையே அது மந்தமாக்கிவிடுகிறது. அதனால் மார்ஃபின் எழுதும் அன்றே பேதி மாத்திரையும் எழுதியாக வேண்டும். பிசகோடில், சென்னா, லாக்டுலோஸ் சிரப், இப்படி ஏதாவது ஒன்றோ இரண்டோ சீட்டில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

'ரெண்டு வாழைப்பழம், வெதுவெதுன்னு தண்ணி' என்று நாங்கள் முதல் வாரம் சமாளிக்கப் பார்த்தோம். ஆறு நாள் போகவில்லை. ஏழாம் நாள் லேசாகத் தண்ணீர் மாதிரி கசிந்தது, வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுக்கப் போனோம். நர்ஸ் அக்கா வந்து பார்த்துவிட்டு, உள்ளே கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, அதன் ஓரமாகத்தான் தண்ணீர் கசிகிறது என்றார். எனிமா கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. வலியைவிட அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கு அவமானமாக இருந்தது என்று அப்பா பின்னாடி சொன்னார்.

அதனால் கணக்கு இதுதான்: மூன்று நாள் போகவில்லை என்றால் போன் போடுங்கள். இசப்கோலை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடிக்காத நோயாளிக்கு அது உள்ளே போய் உப்பி இன்னும் அடைத்துக்கொள்ளும். வயிறு வீங்கி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம், பேதி மருந்து எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்ற பக்கவிளைவுகள், சுருக்கமாக

குமட்டலும் வாந்தியும் முதல் சில நாள் இருக்கும், அதற்கு மாத்திரை தருவார்கள், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். வாய் காய்ந்து போகும், அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் கொடுங்கள். சிலருக்கு அரிப்பு, வியர்வை. சிறுநீர் அடைத்துக்கொண்டால் உடனே சொல்ல வேண்டும், ப்ராஸ்டேட் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அது முழுக்க மருந்தின் மயக்கம் என்று எண்ணிவிடாதீர்கள், வாரக்கணக்கில் வலியில் முழித்திருந்த உடம்பு தூக்கத்தை ஈடுகட்டுகிறது. தலை சுற்றும், அதனால் ராத்திரி பாத்ரூம் போகும்போது கூடவே போங்கள். வண்டி ஓட்டவே கூடாது, ஆரம்பத்திலும் டோஸ் ஏற்றிய நாட்களிலும் மறந்தும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அளவு மிஞ்சினால் எப்படித் தெரியும்

அளவு மிஞ்சுவது பெரும்பாலும் திடீரென்று நடக்காது, முன்கூட்டியே அடையாளம் காட்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்து தூங்கிவிடுவது, நேற்றைவிட இன்று எழுப்பச் சிரமமாக இருப்பது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, சுவரில் பூச்சி ஊர்கிறது, செத்துப்போன அத்தை வந்திருக்கிறாள் என்று பேசுவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சலால் உடம்பில் நீர் வற்றி, சிறுநீர் குறைந்த நாட்களில் இது அதிகம் நடக்கும். அதுவரை ஒத்துப்போன டோஸே அப்போது அதிகமாகிவிடும். ரேடியேஷனுக்குப் பிறகோ, நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிக்குப் பிறகோ வலி சட்டென்று குறைந்தாலும் அப்படித்தான், பழைய டோஸ் தூக்கத்தில் தள்ளும்.

அவசரம் என்பது இது: சத்தமாகக் கூப்பிட்டுத் தோளை உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் கீழே, அல்லது நின்று நின்று வருகிறது, தொண்டையில் களகளவென்று குறட்டை, உதடும் நகமும் நீலம், கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவு. மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று, போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து முழு நிமிடமும் எண்ணுங்கள். முதல் வாரம் ராத்திரி நான் எழுந்து எழுந்து எண்ணிக்கொண்டிருப்பேன், ஒரு நாள் கண்ணை மூடியபடியே அப்பா "பதினாறு, போய்ப் படுடா" என்றார்.

அப்படி நடந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள், மார்ஃபின் சாப்பிடுகிறவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால் 108-இல் பேசுகிறவர் சொல்லும் முதலுதவியைச் செய்யுங்கள். வாயில் தண்ணீர், உப்புத் தண்ணீர், மோர், எதையும் ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டையையும், மருந்து கொடுத்த நேரத்தை எழுதும் நோட்டையும் (கீழே சொல்கிறேன்) கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நலோக்சோன் என்ற முறிவு மருந்தை ஊசியாகப் போடுவார்கள். எஸ்ஆர் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள், முறிவு மருந்தின் வேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரை உள்ளே இன்னும் கரைந்துகொண்டிருக்கும்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நோய் முற்றி இறுதி நாட்களில் இருப்பவருக்கு மூச்சு தானாகவே மாறும், இழுத்து நிறுத்தி வரும், அதற்கு மார்ஃபின் காரணம் இல்லை. அந்த நிலையில் 108-ஐக் கூப்பிடுவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பதை முன்கூட்டியே டாக்டரோடு உட்கார்ந்து பேசி வையுங்கள். அந்த நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், உங்களால் யோசிக்க முடியாது.

பிளாஸ்திரி கொடுத்திருந்தால்

விழுங்கவே முடியாதவர்களுக்கு ஃபென்டனில் பிளாஸ்திரி தருவார்கள், 3 நாளைக்கு ஒன்று. ஒட்டியதும் கேட்காது, முழுசாகக் கேட்க அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். எடுத்த பிறகும் பல மணி நேரம் உடம்பில் இருக்கும். முடி இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், சவரம் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றுங்கள், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், வெயிலில் உட்கார வைக்காதீர்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும், கடும் காய்ச்சலிலும் அப்படியே. எடுத்த பிளாஸ்திரியில் இன்னமும் மருந்து மிச்சம் இருக்கும், பசை உள்ளே போகும்படி மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் வைத்து, மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.

அடிமையாகிவிடுவாரா?

எல்லாரும் கேட்பார்கள், உங்களுக்கும் ராத்திரி மனதில் ஓடும். மூன்று விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நாளாக நாளாகக் கொஞ்சம் கூடுதல் டோஸ் தேவைப்படலாம், அது உடம்பு மருந்துக்குப் பழகுவது. பல சமயம் நோய் வளர்வதாலும் ஏறும். திடீரென்று நிறுத்தினால் வியர்த்து, வயிறு போய், உடம்பு முறுக்கி, தூக்கம் கெட்டு அவதிப்படுவார்கள், அது உடம்பு மருந்தைச் சார்ந்திருப்பது. அதனால்தான் வலி முழுக்கப் போய்விட்டாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். இந்த இரண்டும் அடிமைத்தனம் இல்லை. வலி இல்லாதபோதும் மருந்தையே தேடுவது, அதற்காகப் பொய் சொல்வது, கெடுதல் தெரிந்தும் விடாமல் இருப்பது, அதுதான் அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்கு மேற்பார்வையில் சாப்பிடுகிறவர்களிடம் அது அரிது. மாத்திரை நேரம் தவறினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவரை 'அடிமையாகிவிட்டார்' என்று சொல்லாதீர்கள், அவர் வலிக்குப் பயப்படுகிறார்.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலி என்று சகட்டுமேனிக்கு இந்த வகை மருந்துகளை எழுதித் தள்ளி, லட்சக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஆகவே உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் மார்ஃபினை முட்டிவலி அத்தைக்கு 'ஒண்ணு போட்டுப் பாருங்க' என்று கொடுப்பது உதவி அல்ல. பழக்கம் இல்லாத உடம்பில் அப்பாவின் ஒரு டோஸே மூச்சை நிறுத்திவிடும். குழந்தை வாயில் போட்டால் ஒரே மாத்திரை போதும்.

பூட்டு, நோட்டு, எண்ணிக்கை

மாத்திரையைப் பீரோவில் பூட்டி வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும். ஒருவரே கொடுக்கட்டும், அவர் இல்லாதபோது யார் என்பதும் முடிவாகட்டும். அம்மா கொடுத்தது தெரியாமல் மகனும் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் தப்பு.

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, மணி, எத்தனை மி.கி., வலி எவ்வளவு (ஒன்றுமே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாதது 10), மலம் போனதா, ஏதாவது விசேஷம். அடுத்த தடவை டாக்டர் அந்தப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாலே போதும், "எப்படி இருக்கார்?", "பரவாயில்ல டாக்டர்" என்ற பேச்சில் ஒன்றும் தெரியாது. வெளியூர் போனால் மருந்துச்சீட்டின் நகலையும் மாத்திரையோடு வையுங்கள், அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோக வேண்டாம். வெளிநாடு என்றால் அந்த நாட்டின் விதியைக் கேட்காமல் கிளம்பவே கூடாது.

அப்பா அரசு பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நோட்டைப் பார்த்ததும் அவரே பொறுப்பை எடுத்துக்கொண்டார். டிக்கெட் கட்டுக்கு ஆரம்ப நம்பர், முடிவு நம்பர் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு நாள் காலையிலும் கையிருப்பு, ராத்திரி கையிருப்பு என்று எழுதச் சொல்வார். ஒன்று குறைந்தால் விட மாட்டார், கட்டிலுக்கு அடியில் தேட வைப்பார். ஒரு தடவை நிஜமாகவே அங்கேதான் கிடந்தது, பேரன் தவழ்கிற வயசு.

மிச்சம் இருந்தால்

குப்பையில் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், 'இருக்கட்டும்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வாங்கிய மருத்துவமனையிலோ வலி தணிப்பு மையத்திலோ திருப்பிக் கொடுங்கள், அவர்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். காரியம் முடிந்து மூன்றாம் நாள் நானும் அம்மாவும் போனோம். நர்ஸ் அக்கா அட்டைகளை மேஜையில் பரப்பி எண்ணினார், 38. நோட்டைத் திறந்து பார்த்தார், கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில், அப்பா சொல்லி எழுதியது, முடிவுக் கையிருப்பு 38. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். நோட்டையும் வாங்கிக்கொள்வார்களோ என்று நினைத்தேன், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.